படத்துல விழுந்த திருநீறு

இங்ஙன உக்காருங்க அண்ணாச்சி. அந்த ஃபேனுக்குக் கீழ உக்காராதீங்க, அது சத்தம் மட்டுந்தான் போடும், காத்து வராது. உங்களையும் எக்ஸ்ரே ரூமுக்கு வெளிய நிக்கச் சொல்லிட்டாளா அந்தப் பிள்ளை? சொல்லுவா. ஆண்களுக்கு அனுமதி இல்லைன்னு கொட்டை எழுத்துல போர்டு மாட்டி வச்சிருக்காவ பாருங்க. நான் கருவறைக்குள்ள போற ஆளு அண்ணாச்சி. வாகைப்புதூர் வடக்குவாச்செல்வி அம்மன் கோயில் பூசாரி. எங்கய்யாவுக்குப் பெறவு நாந்தான். அம்மா பக்கத்துல போயி நிக்க எனக்கு அனுமதி இருக்கு, எம் பெண்டாட்டி பக்கத்துல போயி நிக்க அனுமதி இல்லையாம். இது என்ன நியாயம்?

உள்ள யாரு, உங்க வீட்டம்மாவா? மொதத் தடவையா? சரி, சரி. மொகத்தை அப்பிடி வச்சிக்கிடாதீங்க. உங்களைப் பயங்காட்டணும்னு நான் பேசல. எனக்கு வயிறு எரியுது, யாருகிட்டயாவது கொட்டணும். ஊர்ல போயிக் கொட்ட முடியாது, ஊரே என் திருநீறு வாங்குத ஊரு.

ஆவணி மாசம் ஆரம்பிச்சுது இந்தச் சள்ளை. எங்க ஊரு மகளிர் குழுக்காரிய எல்லாரும் சேந்து ஒரு வேனைப் பிடிச்சு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாவ. நாப்பது வயசு தாண்டுன பொம்பளைய எல்லாரும் மாருல ஒரு படம் எடுத்துப் பாத்துக்கிடணுமாம். புத்துநோய் இருந்தா, கைக்குத் தட்டுப்படுறதுக்கு முன்னாலயே அந்தப் படம் காட்டிக் குடுத்துருமாம். தட்டுப்படாத நோயை எதுக்குளா தேடிப் போறீங்கன்னு கேட்டேன். வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையால்லா இருக்குன்னேன். முப்பிடாதி கேக்கல. முப்பிடாதிங்கிறது எம் பெண்டாட்டி பேரு. எல்லாரும் போறாவ, நான் மட்டும் வீட்டுல இருந்தா நல்லாருக்காதுன்னுட்டா.

அவளுக்கு இடது பக்கம் கொஞ்ச நாளாவே ஒரு வலி இருந்துக்கிட்டு இருந்துது, பாத்துக்கிடுங்க. அதை நான் கவனிக்காம விட்டேன்னு ஒருத்தன் சொல்லிரக்கூடாது. தெனமும் காலையில பூசை முடிச்ச கையோட, அம்மா காலடியில இருந்து திருநீறு எடுத்து, மந்திரிச்சு, தண்ணி விட்டுக் குழைச்சு, வலிக்கிற எடத்துல பூசிக்கோன்னு குடுப்பேன். ஒரு நாள் விட்டது இல்ல. அக்குளுக்குக் கீழ, மாருக்கு அடியில, எல்லா எடத்துலயும் பூசிக்கிடுவா. அவ தங்கச்சி சொர்ணம், எங்கொழுந்தியா, ஒரு டாக்டர்கிட்டக் காட்டிருவோம் அத்தான்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தா. விட்டேனா? விடல. அடுத்தவன் கை படாம அப்பிடிப் பாத்துக்கிட்டேன் எம் பெண்டாட்டியை. அந்த அருமை இன்னைக்கு ஒருத்தருக்கும் தெரியல.

வேன் ஏறுன அன்னைக்கும் குடுத்தேன். வெளியூர் போறாளேன்னு அன்னைக்குக் கொஞ்சம் கூடவே குடுத்தேன். உள்ள வச்சு இந்தப் பிள்ளை, பெனினாவாம் பேரு, படம் எடுக்குறவ, இவதான் கேட்டிருக்கா. அம்மா, பவுடர் போட்டிருக்கீங்களா, சென்ட் அடிச்சிருக்கீங்களா, களிம்பு ஏதும் தடவியிருக்கீங்களான்னு. முப்பிடாதி இல்லன்னு சொல்லிட்டா. பொய்யா சொன்னா? திருநீறு பவுடரா? நீங்க சொல்லுங்க. அம்மா காலடித் திருநீறைக் கொண்டுபோயி, மொகத்துக்கு அடிக்கிற பவுடரோட எந்தக் கூறுள்ள பொம்பளையாவது சேப்பாளா? கேக்குதவளுக்குக் கேக்கத் தெரியல. இந்த ஜில்லாவுல வேலை பாத்துக்கிட்டு, சென்ட் அடிச்சியான்னு கேக்கத் தெரியுது, திருநீறு பூசியிருக்கியான்னு கேக்கத் தெரியல. எங்க ஊருப் பொம்பளைய சென்டுக்கு எங்க போவாவ?

பெறவு அந்த மிஷின். ரெண்டு பலகைக்கு நடுவுல மாரை வச்சு அமுக்குவாவளாம். அமுக்குனாத்தான் உள்ள இருக்கது பரவலாத் தெரியுமாம். முறுக்கு உரல்ல மாவை வச்ச மாதிரி இருந்துதுன்னு முப்பிடாதி வந்து சொன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, அன்னைக்கு அவளுக்கு நல்லா சிரிப்பு வந்துது. வேன்ல வந்த அத்தனை பேரும் சிரிச்சுக்கிட்டு, வார வழியில அல்வா வாங்கிக்கிட்டுத்தான் வந்தாவ.

அந்த வாரமே ஃபோன் வந்துட்டு. படத்துல வெள்ளை வெள்ளையாப் பொடிப்பொடியாத் தெரியுது, இன்னொரு தடவை வாங்கன்னு. அவ்வளவுதான். முப்பிடாதி சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு வச்சா, திங்கல. மாட்டுக்குத் தண்ணி வச்சமான்னு என்கிட்டயே ரெண்டு மட்டம் கேக்கா. எனக்கு அம்மா மேல வந்துது பாருங்க கோவம்! நேரே போயி கோயில் நடையைத் திறந்து, உனக்கு நான் என்னளா குறை வச்சேன்னு ஏசிட்டேன். பூசாரி அம்மாளை ஏசலாமா? ஏசலாம். பெத்தவளை ஏசாம யாரை ஏசுவான் மனுசன்?

ரெண்டாவது தடவை நானும் சொர்ணமும் கூட வந்தோம். இதே பெஞ்சுலதான் இருந்தேன். கொஞ்ச நேரத்துல இந்தப் பெனினா கதவைத் திறந்துக்கிட்டு வந்தா. வந்தவ என் நெத்தியைப் பாத்தா, கையைப் பாத்தா. அய்யா, உங்க வீட்டம்மா மாருல திருநீறு பூசுவாங்களான்னு கேட்டா. பூசுனா உனக்கு என்னன்னேன். இல்லய்யா, அதுவும் பவுடர் மாதிரிதான் படத்துல வெள்ளையா விழும், பெரும்பாலும் அதாத்தான் இருக்கும்போல, நல்லா தொடச்சிட்டு மறுபடி எடுக்கோம்னு சொன்னா. சொல்லும்போது அவ உதடு சிரிச்ச மாதிரி இருந்துது. சிரிக்கலன்னு எங்கொழுந்தியா சத்தியம் பண்ணுதா. நான் பாத்தேன், சிரிச்சா.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்! உயிர் வந்துது, அதை இல்லன்னு சொல்லல. உயிர் வந்த மறு நிமிசம் ஆத்திரமும் வந்துது. எந்திரிச்சு நின்னு கத்துனேன். என் திருநீறையா நோயின்னு சொன்னீங்க? எத்தனை பேரு தீராத காய்ச்சலைத் தீத்த திருநீறு, எத்தனை பிள்ளையளுக்குக் கண்ணேறு கழிச்ச திருநீறு, அதைப் படம் பிடிச்சுப் புத்துநோய்னு சொல்லுவீங்களா? இந்த வராந்தாவே திரும்பிப் பாத்துது. வாட்ச்மேன் வந்து கையைப் பிடிச்சான். அவனும் எங்க பக்கத்து ஊருக்காரன், பூசாரி, கொஞ்சம் மெதுவா ஏசுங்கன்னான்.

ஆமா, உங்க வீட்டம்மா ஏதும் பூசிக்கிட்டு வந்தாவளா? தெரியாதா? என்ன அண்ணாச்சி, கட்டுன பெண்டாட்டி என்ன பூசிக்கிட்டு வந்தான்னு தெரியாதுங்கீங்க. ஒரு ஃபோனைப் போட்டுக் கேட்டு வைங்க. சந்தனம், மஞ்சள் எதுவா இருந்தாலும் தொடச்சிரச் சொல்லுங்க. இவங்க அம்புட்டையும் நோயின்னுதான் சொல்லுவாவ. எனக்கென்ன, நான் சொல்லுததைச் சொல்லிட்டேன்.

சரி, இதுக்கு மேலதான் கேளுங்க. அன்னைக்கே தொடச்சுக் கழுவிட்டு ரெண்டாவது படம் எடுத்தாவ. எடுத்துட்டு இங்க படம் பாக்குற டாக்டரம்மா எங்களை உள்ள ரூமுக்குக் கூப்பிட்டு, படத்தை டிவியில போட்டுக் காட்டுனாவ. பாருங்க, மேல இருந்த பொடி எல்லாம் போயிட்டுன்னாவ. எனக்கு நெஞ்சு இவ்வளவு அகலமாச்சு. ஆனா இங்க பாருங்கன்னு ஒரு எடத்தைத் தொட்டுக் காட்டுனாவ. அங்ஙன கொஞ்சம் பொடி கூட்டமா நிக்கி. இது மேல பூசுனது இல்ல, உள்ள இருக்கு, சுண்ணாம்புச் சத்து படிஞ்சிருக்குன்னாவ. பல பேருக்கு இது ஒண்ணுமில்லாமப் போயிரும், சில பேருக்குப் புத்துநோய் இப்பிடித்தான் ஆரம்பிக்கும், ஊசி வச்சுக் கொஞ்சம் எடுத்துப் பாத்துருவோம்னாவ.

எப்பிடி இருக்கு பேச்சு? மொதல்ல எல்லாம் நோயின்னாவ. நான் சத்தம் போட்ட பெறவு எல்லாம் திருநீறுன்னாவ. இப்ப முக்கால்வாசி திருநீறு, கால்வாசி நோயாம். நீங்க சரியாக் கழுவல, இன்னொரு தரம் கழுவுங்கன்னு சொன்னேன். அந்தப் பெனினா, நாந்தான்யா ஈரத்துணி வச்சு ஒவ்வொரு எடமாத் தொடச்சேன்னா. உனக்கு என் திருநீறோட பவர் தெரியாது, அது தோலுக்குள்ள எறங்குற திருநீறுன்னேன். டாக்டரம்மா ஸ்கேனுக்குச் சீட்டு எழுத ஆரம்பிச்சுட்டாவ. முப்பிடாதி மட்டும் அந்த டிவியையே பாத்துக்கிட்டு நின்னா.

பெறவு ஜெல்லி தடவி ஒரு ஸ்கேன் எடுத்தாவ. வயித்துல பிள்ளை பாக்க எடுப்பாவள்லா, அது. அதுல என்ன தெரிஞ்சுது? ஒண்ணும் தெரியல! டாக்டரம்மாவே வாயால சொன்னாவ, இதுல கட்டி ஒண்ணும் இல்லன்னு. பெறவு என்ன? ஒரு மிஷின் இருக்குங்குது, ஒரு மிஷின் இல்லங்குது. ரெண்டு சாட்சி ரெண்டு விதமாச் சொன்னா கோர்ட்டுல கேஸே நிக்காது. நான் அதைத்தான் கேட்டேன். அதுக்கு அவங்க, இந்த ஸ்கேன்ல கட்டி தெரியும், அந்தப் பொடி இதுல தெரியணும்னு இல்ல, அதுக்கு அந்தப் படந்தான், ஊசியும் அந்தப் படத்தைப் பாத்துத்தான் வைக்கணும்னாவ. ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம். நான் முப்பிடாதி கையைப் பிடிச்சேன், வாளான்னேன், கூட்டிக்கிட்டுப் போயிட்டேன். அவ திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டேதான் வந்தா.

ஊருக்குப் போயி சும்மா இருந்தேனா? வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்த சனம் பூராத்துக்கும் சொன்னேன். மிஷின்ல நம்ம அம்மா திருநீறு விழுந்துட்டு, அதைப் பாத்து டாக்டருமாரு நோயின்னு சொல்லிட்டாவ, நான் போயிக் கண்டுபிடிச்சேன்னு. சனம் கை கொட்டிச் சிரிச்சுது. அடுத்த மாசம் அதே வேன் வந்து பஸ் ஸ்டாப்புல நின்னுது. ஏற ஒருத்தியும் போகல. டிரைவர் டீயைக் குடிச்சுட்டுக் காலி வேனைத் திருப்பிக்கிட்டுப் போனான். என் பேச்சுக்கு எங்க ஊர்ல இருக்கிற மதிப்பு அப்பிடி அண்ணாச்சி. முப்பிடாதி வாசல்ல நின்னு அந்த வேன் போறதைப் பாத்துக்கிட்டு இருந்தா. பாத்தியா, ஒருத்தி ஏறலன்னேன். பாத்தேன்னா.

அதுல இருந்து அவ பேச்சு கொறைஞ்சு போச்சு. குழம்பு வைப்பா, மாட்டைப் பாப்பா, கூப்பிட்டா வருவா. ஆனா என்னமோ பக்கத்து வீட்டுல இருந்து வந்து வேலை பாக்குற மாதிரி இருந்தா. எனக்கு மனசு ஆறல, வெப்ராளமா இருந்துது. என்னளா உனக்குன்னு கேட்டா, ஒண்ணும் இல்லம்பா.

போன வெள்ளிக்கிழமை. பூசையை முடிச்சுட்டு வீட்டுக்கு வந்தேன். வழக்கமாக் குனிஞ்சு நெத்தியைக் காட்டுவா, நான் பூசி விடுவேன். அன்னைக்குக் கையை நீட்டிக்கிட்டு நிக்கேன், குனியல. வேண்டாங்கா. கலியாணம் ஆன நாள்ல இருந்து என் கையால திருநீறு வாங்காம அவ அடுப்பு பத்த வச்சது கிடையாது. காய்ச்சல்ல கிடந்தாலும் தலையைத் தூக்கி வாங்கிக்கிடுவா. அந்தப் பொம்பளை வேண்டாங்கா! என்னளா, அம்மா மேலயே கோவமான்னு கேட்டேன்.

அம்மா மேல எனக்கு என்ன கோவம்னா. அவ எங்கயும் போகல, அது எனக்குத் தெரியும், என் உடம்புக்குள்ள என்ன கிடக்குன்னுதான் எனக்குத் தெரியல, அதைப் பாக்க விடாதது நீங்கதான், அம்மா இல்லன்னா.

அந்த ஜெல்லி ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னாவள்லான்னு கேட்டேன். அதுக்கு அவ சொல்லுதா, சலிச்சாத் தவிடு போவும், அரிசியோட அரிசியாக் கிடக்கிற கல்லு போவுமா, அதுக்கு அரிக்கணும்லா, சல்லடையில கல்லு தெரியலன்னு அரிசியை அப்பிடியே உலையில போடச் சொல்லுதீங்களேன்னு. டாக்டரம்மா சொன்னப்ப எனக்கு ஏறல. இவ சொன்னா ஏறுது. ஏறுனா ஆம்பளை என்ன செய்வான்? சத்தம் போட்டேன். தெரு முழுக்க கேக்கச் சத்தம் போட்டேன். அவ அரிசியைக் கழுவி உலையில போட்டுட்டு, விறகைத் தள்ளி விட்டுக்கிட்டு இருந்தா.

இன்னைக்குக் காலையில நான் கோயில்ல இருந்து வாரேன், வீடு பூட்டிக் கிடக்கு. சாவி பக்கத்து வீட்டுல. மொதப் பஸ்ஸுக்கே தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாளாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பெண்டாட்டி எங்க போயிருக்கான்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிடுற நிலைமை ஒரு புருசனுக்கு வரலாமா? சட்டையை மாட்டிக்கிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சேன். பஸ்ல வரும்போது என்னவெல்லாம் ஏசணும்னு மனசுல அடுக்கிக்கிட்டே வந்தேன். டாக்டரம்மாவுக்கு என்ன, பெனினாவுக்கு என்ன, எங்கொழுந்தியாளுக்கு என்னன்னு தனித்தனியா. கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிரணும்னுதான் வந்தேன்.

வந்து பாத்தா, அவளை உள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டாவ. சொர்ணம் இதே எடத்துல மறிச்சு நிக்கா. அத்தான், வீட்டுக்குப் போறதா இருந்தாப் போங்க, நிக்கதா இருந்தா சத்தம் காட்டாம நில்லுங்கன்னா. நான் தோள்ல தூக்கி வளத்த பிள்ளை அண்ணாச்சி அது. என்னைப் பாத்து சத்தம் காட்டாதீங்கங்கா. இப்பதான் டீ வாங்கப் போயிருக்கா. எனக்கும் சேத்து வாங்குவாளோ மாட்டாளோ, தெரியல.

உள்ள என்ன செய்வாவ தெரியுமா? ஒரு கட்டில்ல கவுத்துப் படுக்க வைப்பாவளாம். கட்டில்ல ஒரு ஓட்டை, அது வழியா மாரை எறக்கி, கீழ அந்தப் பலகைக்கு நடுவுல பிடிச்சு வச்சிருவாவளாம். படத்தைப் பாத்துக்கிட்டே அந்தப் பொடி நிக்கிற எடத்துக்கு ஊசியை விடுவாவளாம். மரத்துப் போக மருந்து குடுப்பாவ, வலிக்காதுன்னு சொர்ணம் சொல்லுதா. ஆனா ஆடக்கூடாதாம். கொஞ்சம் ஆடுனாலும் எடம் மாறிப் போயிருமாம். முப்பிடாதிக்கு ஊசின்னாலே ஆகாது. எம்மவனைப் பெறும்போது ஊசிக்குப் பயந்து என் கையைப் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சுது. அன்னைக்கு எந்த போர்டும் என்னை வெளிய நிறுத்தல.

என்ன கேட்டீங்க? நோயா இருந்தா என்ன செய்வீங்களா? என்ன அண்ணாச்சி கேள்வி இது. வாயைக் கழுவுங்க. அது திருநீறு. உள்ள எறங்குன திருநீறு. அவங்களே பாத்துட்டு வந்து சொல்லுவாவ. சொல்லட்டும், அன்னைக்கு இருக்கு இவங்களுக்கு.

நீங்க ஏன் என் கையையே பாக்கீங்க? திருநீறுதான், பூசை முடிச்ச கையைக் கழுவாமலே பஸ் ஏறிட்டேன். காலையில இருந்து ஒண்ணும் திங்க முடியல. பயமா இருக்கு அண்ணாச்சி. எவ்வளவு ஏசினாலும் போக மாட்டேங்கு. ஊர்ல யார்கிட்டயும் சொல்லிராதீங்க. உங்களுக்கு எங்க ஊரு தெரியாதுல்லா, சரி.

இந்தா வாரா பாருங்க, பெனினா. என்ன இவ்வளவு வேகமா வாரா?

நாந்தான். பூசாரி நாந்தான். முப்பிடாதி வீட்டுக்காரரு நாந்தான். என்ன, முடிஞ்சிட்டா? முடியலையா? ஊசியே வைக்கலையா? ஏன்? நடுங்குதாளா? படம் ஆடிப் போகுதா? அதான் சொன்னேன், அவளுக்கு ஊசி ஆகாதுன்னு நான் படிச்சுப் படிச்சு இங்ஙனயே சொல்லிக்கிட்டு இருக்கேன், இந்த அண்ணாச்சியைக் கேளு. நிறுத்துங்க, நான் கூட்டிக்கிட்டுப்...

என்ன? என்னைக் கூப்பிட்டாளா? அவளா? அவ வாயால சொன்னாளா, அவரு வெளிய இருப்பாருன்னு? நான் வந்தது அவளுக்கு எப்பிடித் தெரியும்? ஏசுற சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுதா. கேக்கட்டும். உள்ள வரலாம்ங்கியா? அப்ப அந்த போர்டு? போர்டு கிடக்கட்டும்ங்கியா? டாக்டரம்மாவே சொல்லிட்டாவளா? எக்ஸ்ரே மேல படாம இருக்க ஈயச் சட்டை போடணுமா, போடுதேன். எதை வேணும்னாலும் போடுதேன். தலைமாட்டுல நின்னு கையைப் பிடிச்சுக்கிட்டாப் போதுமா? அது போதும்னா சொன்னா?

பெறவு என்ன சொன்னா? திரும்பச் சொல்லு. கையைக் கழுவிட்டு வரச் சொன்னாளா?

அது நீ சொல்லுதியா, அவ சொன்னாளா? பொய் சொல்லாத. அவதானா?

சரி. சரி தாயி. நீ போ, போயி அவகிட்டச் சொல்லு, கழுவிக்கிட்டு இருக்காருன்னு சொல்லு. குழாய் எங்க? கீழயா? படி எறங்கிப் போயிட்டா வரணும்? இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியைக் கட்டி வச்சிருக்கீங்க, என்னத்துக்கு? அங்ஙன அவ நடுங்கிக்கிட்டுக் கிடக்கா, மனுசன் கை கழுவ இந்த வராந்தாவுல ஒரு குழாய் கிடையாது! அண்ணாச்சி, அந்தத் தண்ணி பாட்டிலைக் குடுங்க. நீங்களே ஊத்துங்க. செடித் தொட்டிக்கு மேல ஊத்துங்க. வெரசா ஊத்துங்கய்யா, அவ கையை நீட்டிக்கிட்டுக் கிடப்பா. விரல் இடுக்குல இன்னும் வெள்ளையா இருக்கு பாருங்க. நல்லா ஊத்துங்க. இன்னும் ஊத்துங்க.